ஒரு புள்ளி குறைந்த பெருநாள் பெட்டி

ரமலான் தலைப்பிறைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெருநாள் அன்பளிப்புகளை வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற ஆசையில், அதற்கென்றே விற்கப்படும் கைவினைப் பெட்டி ஒன்றை இணையத்தில் 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறத்தாழ இதே சரக்கு, மேலட்டை மட்டும் மாறி, நான்கைந்து பெயர்களில் விற்கப்படுவதைப் பிறகு பார்த்தேன். ஆகவே விற்றவரின் பெயரைச் சொல்வதைவிட உள்ளே என்ன இருந்தது என்று சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். 2025 மார்ச் 2 அன்று தொடங்கிய நோன்பு மாதம் முழுவதும், ஒன்பது வயது மகனும் ஆறு வயது மகளும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள். வேலைநாள்களில் ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்ததால், சனி, ஞாயிறுகளில் பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்தது முதல், மகன் நோன்புக் கஞ்சி வாங்கிவரத் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பும் வரை கிடைத்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு வாய்த்த பட்டறை நேரம்.

முப்பது பைகள் வைத்துத் தைத்த ஃபெல்ட் துணி நாட்காட்டி, அட்டையில் செய்யும் விளக்குக் கூண்டு, ஆறு வாழ்த்து அட்டைகள், அரபியில் ‘ஈத் முபாரக்’ என்று வெட்டிய ஸ்டென்சில் தகடு, பெருநாள் காசு வைக்கும் பத்து உறைகள், ஜிகினா கலந்த பசை மூன்று குப்பி, ஒரு மருதாணிக் கூம்பு, குழந்தைகளுக்கான கத்தரிக்கோல் ஆகியவை பெட்டியில் இருந்தன. நான்கு வயது முதல் பத்து வயது வரை என்று மேலே அச்சிட்டிருந்தார்கள். நான்கு வயதுக் குழந்தை இதில் செய்யக்கூடிய வேலை ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தில் முடியும் என்ற குறிப்பையும் நம்ப வேண்டாம்; விளக்குக் கூண்டு எங்களிடம் இரண்டு சனிக்கிழமைகளை விழுங்கியது.

நாட்காட்டியை மனதாரப் பாராட்டலாம். துணி தடிமனானது, ஓரங்களுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள், மாதம் முழுவதும் பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கு ஒரு பைகூடப் பிய்ந்துவரவில்லை. எண்களை ஒட்டுவது மட்டுமே குழந்தையின் பங்கு என்பதால் இதைக் கைவினை என்று சொல்வதற்கில்லை, ஆனாலும் ஒவ்வொரு பையிலும் இருந்த சீட்டுகளை மகள் தினமும் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு முன் எடுத்துப் படித்தாள். பெரும்பாலும் நல்ல சீட்டுகள்தாம்: பக்கத்து வீட்டாருக்குப் பேரீச்சம்பழம் கொடு, தண்ணீரை வீணாக்காமல் ஒளு (தொழுகைக்கு முன் கைகால், முகம் கழுவுவது) செய், பழைய பொம்மை ஒன்றை யாருக்காவது கொடு. தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்குத் தீனி வை என்று ஒரு சீட்டு சொன்னபோது, சென்னை மண்ணடியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற நாங்கள் தோட்டத்துக்கு எங்கே போவது என்று மகள் யோசித்து, மொட்டைமாடிக் காக்கைகளுக்கு இரண்டு சமோசாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் இந்த நாட்காட்டியின் கணக்கே இரவல் கணக்கு. கிறிஸ்துமஸுக்கு முன் நாள் எண்ணும் வழக்கத்திலிருந்து எடுத்த வடிவம் இது. இரவல் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டிசம்பர் 25 என்பது நிலைத்த தேதி, நம்முடைய மாதமோ பிறையைப் பொறுத்து 29 நாளிலும் முடியும், 30 நாளிலும் முடியும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 29 நோன்புதான் கிடைத்தது. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை, சொந்த ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபோது பிறை தென்பட்ட செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. எல்லோரும் இறைவனைப் பெருமைப்படுத்தும் தக்பீர் சொல்லிக்கொண்டிருக்கையில் மகள் மட்டும் சென்னையிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த நாட்காட்டியை விரித்துவைத்துக்கொண்டு, “ஒரு நோன்பு எங்கேம்மா போச்சு?” என்று கேட்டாள். முப்பதாவது பையைத் தனியே கழற்றி மாட்டும்படி ஒரு பொத்தான் வைத்திருந்தால், பிறை பார்ப்பது என்றால் என்ன என்பதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல கருவி கிடைத்திருக்காது. பெட்டியைத் தயாரித்தவர்களில் ஒருவராவது இருபத்தொன்பதாம் நாள் மாலையில் வானத்தைப் பார்த்து நின்றதுண்டா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஸ்டென்சில் தகட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஈத் என்ற சொல்லை அரபியில் ஐன், யா, தால் என்று மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள். நடுவில் வரும் யாவுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரே புள்ளி வந்தால் அது யா அன்று, பா, சொல்லும் ஈத் அன்று, அப்து. அப்து என்றால் அடிமை. தகட்டில் அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே விட்டிருந்த பிளாஸ்டிக் ஒரு நூல் அகலம்தான் இருந்தது. ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் தோய்த்து முதல் அட்டையில் ஒற்றியதுமே அது அறுந்து, இரண்டு ஓட்டைகளும் ஒன்றாகிவிட்டன. நான் கவனிக்கவில்லை. மாலையில் குர்ஆன் ஓதப் போகிற மகன்தான் இரண்டாவது அட்டை காய்வதைப் பார்த்துவிட்டு, “உம்மா, இது ஈத் இல்லை, அப்து” என்றான். பெருநாள் வாழ்த்தென்று எண்ணி உறவினருக்கெல்லாம் ‘பாக்கியம் பெற்ற அடிமை’ என்று எழுதி அனுப்பியிருப்போம். அடியான் என்ற பொருளில் பார்த்தால் குற்றமில்லைதான் என்று என் தம்பி சமாளித்தான். அப்படியும் அந்த இரண்டு அட்டைகளை வீட்டு பீரோவிலேயே ஒட்டிவைத்துக்கொண்டோம்.

விளக்குக் கூண்டு கெய்ரோ நகரத்து ஃபானூஸைப் பார்த்துச் செய்தது. ரமலானில் தெருவெல்லாம் வண்ணக் கண்ணாடி விளக்குத் தொங்கவிடுவது எகிப்தியரின் பழைய வழக்கம், அழகான வழக்கமும்கூட. அட்டை உறுதியானது, வண்ணத் தாள்கள் சாயம் போகாதவை, மூலைகளைச் செருகும் வெட்டுகள் துல்லியமாகப் பொருந்தின. ஆனால் கூண்டுக்குள் வைக்கும் சிறு மின்விளக்கை நான் குப்பையில் போட்டுவிட்டேன். அதில் பொத்தான் வடிவ பேட்டரி இருந்தது. அதன் மூடிக்குத் திருகாணி இல்லை, மகள் நகத்தாலேயே திறந்துவிட்டாள். இந்த வகை பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கான பெட்டியில் இப்படி ஒரு பொருளை எச்சரிக்கை வாசகம்கூட இல்லாமல் வைத்தது, புள்ளி அறுந்ததைப் போலச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறை அன்று. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டார் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக இந்த விளக்கை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

வாழ்த்து அட்டைகளில் ஒட்டகம், பேரீச்ச மரம், கூர்மையான குவிமாடம் என்று அச்சிட்ட படங்களுக்கு வண்ணம் தீட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஊரில் தான் பார்த்த பள்ளிவாசல் இப்படி இல்லையே என்று மகன் கேட்டது நியாயம்தான். கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளி திராவிடக் கட்டடக் கலையில் கல்லால் எழுந்தது. வரிசை வரிசையாகக் கல் தூண்களும் அவற்றில் பூவேலையும்தான் அவன் மனதில் பதிந்த பள்ளிவாசல். அச்சிட்ட அட்டையைத் திருப்பிப்போட்டு, வெறும் பக்கத்தில் தூண்களை வரையத் தொடங்கினான். தயாரித்தவர்கள் நினைக்காத வகையில் அந்த அட்டை பயன்பட்டது அப்போதுதான்.

காசு உறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருநாளன்று ஒரு குழந்தை செய்த பொருளைப் பல கைகள் தொடுவது இந்த ஒன்றில்தான். பெட்டியில் வந்த உறைகளின் நீளம் 10 சென்டிமீட்டர். நம் புதிய பத்து ரூபாய் நோட்டின் நீளம் 123 மில்லிமீட்டர், நூறு ரூபாய் நோட்டு 142, ஐந்நூறு ரூபாய் நோட்டு 150. ஆக, எந்தப் புது நோட்டும் மடிக்காமல் அதற்குள் போகாது. பெருநாள் காசு என்றாலே மடிப்பு விழாத புது நோட்டுதான். அதற்காகவே வங்கியில் சொல்லிவைத்துக் கட்டு வாங்குகிறவர்கள் இருக்கிற ஊரில், நாலாய் மடித்த நோட்டை உறையிலிருந்து உருவிக் கொடுப்பது கொடுப்பவருக்கும் அழகில்லை, வாங்குபவருக்கும் சுவையில்லை. அந்தப் பத்து உறைகளையும் மகளின் அழிரப்பருக்கும் ஸ்டிக்கருக்கும் ஒதுக்கிவிட்டு நாங்களே உறை செய்ய இறங்கினோம்.

அதற்காக வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆண்டர்சன் தெருவுக்குப் போனோம். காகிதத்துக்கும் திருமணப் பத்திரிகைகளுக்கும் பெயர்போன பாரிமுனைத் தெரு அது. பத்திரிகை அடித்த பின் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை எடைபோட்டு விற்கும் கடைகள் அங்கே உண்டு. தங்க ரேகை ஓடிய கருஞ்சிவப்பும் மயில் நீலமுமாக ஒரு கிலோ துண்டு அட்டை, மூன்று வண்ண சார்ட், துணிக்கான வண்ணம், ஒரு டஜன் மஞ்சள் துணிப்பை எல்லாம் சேர்ந்தும் 500 ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட இல்லை. கடைக்காரர் அட்டையை மகன் கையில் கொடுத்து, இரண்டு திசையிலும் வளைத்துப் பார்க்கச் சொன்னார். எந்தத் திசையில் இலகுவாக வளைகிறதோ அதுதான் காகிதத்தின் இழை ஓடும் வாக்கு. அதோடு ஒத்து மடித்தால் கோடு கத்தியால் கீறியதுபோல் நேராக விழும், எதிர்த்து மடித்தால் ஓரம் வெடித்து வெள்ளை தெரியும். பெட்டியோடு வந்த ஆங்கிலக் குறிப்பேட்டின் பன்னிரண்டு பக்கங்களில் இந்த ஒரு பாடம் இல்லை.

22 அங்குலத்துக்கு 28 அங்குலம் உள்ள ஒரு சார்ட்டை, 18.5 சென்டிமீட்டருக்கு 16.5 சென்டிமீட்டர் துண்டுகளாகக் கோடு போட்டால் சரியாகப் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மடிப்புக்கு விட்டு, மீதியைக் குழாய்போல் சுற்றி ஒட்டினால், ஐந்நூறு ரூபாய் நோட்டும் மடியாமல் நுழையும் உறை தயார். கணக்கை மகன் போட்டான், மடிப்பு வேலையை மகள் எடுத்துக்கொண்டாள், மடித்த இடத்தைக் கரண்டிக் காம்பால் தேய்த்து அழுத்துவது என் வேலை. ஒவ்வொரு உறையிலும் வாங்கப்போகும் பிள்ளையின் பெயரை முன்கூட்டியே எழுத வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள்; முப்பத்தாறு பெயர்களை எழுதி முடித்தபோது, சாச்சா பிள்ளைகள் யார், மாமி பிள்ளைகள் யார் என்கிற உறவுமுறைக் குழப்பமெல்லாம் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

மஞ்சள் பைகள் ஊரிலிருந்து வரும் தொதல் என்னும் இனிப்பைப் பங்கு வைத்துக் கொடுக்க. கீழக்கரைத் தொதலைச் சாப்பிட்டவர்களுக்கு அதன் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். தாளில் சுற்றி அப்படியே பையில் போட்டால் பை கறைபடும் என்பதால், உள்ளே வாழையிலையும் வெண்ணெய்த் தாளும் வைத்தோம். பைக்கு வெளியே நட்சத்திரம் பதிக்க வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி அச்சாகப் பயன்படுத்தினோம். முற்றிய காயாக இருக்க வேண்டும். பிஞ்சு வழவழத்து வண்ணத்தைப் பிடிக்காது. நறுக்கிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு வண்ணத்தில் தொட்டால் ஐந்து இதழ் நட்சத்திரம் சுத்தமாக விழுகிறது. பிறைக்கு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிச் செதுக்கினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பையைப் புரட்டி உட்புறமாக இஸ்திரி போட்ட பிறகு, துவைத்தாலும் வண்ணம் போகவில்லை. பெட்டியில் வந்த எந்தப் பொருளையும்விட இதில்தான் பிள்ளைகள் தங்களை மறந்தார்கள். வெண்டைக்காய் தீர்ந்ததும் மகள் சமையலறையில் பாகற்காயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜிகினாப் பசையை வாங்கும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். அது பிளாஸ்டிக் தூள். பாயிலும் தலையணையிலும் ஏறினால் மாதக்கணக்கில் இறங்காது. அதைவிட எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது ஒளுதான். பசை கையில் காய்ந்து மெல்லிய தோல்போல் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் உள்ளே படாது. மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போகும் நேரத்தில், பள்ளிவாசலில் ஒளு செய்யும் தொட்டியான ஹவ்ளின் கரையில் உட்கார்ந்து மகன் விரல் விரலாக உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிச் சிரித்தார். சாதாரண வெள்ளைப் பசையும் இப்படித்தான், ஆனால் வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். அடுத்த வாரத்திலிருந்து மைதா பசைக்கு மாறிக்கொண்டோம். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கிளறி, கொஞ்சம் மயில்துத்தம் போட்டு வைப்பது சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் பழைய முறை. மயில்துத்தம் நஞ்சு என்பதால் அதைச் சேர்க்காமல், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினேன்.

மருதாணிக் கூம்பைத் திறக்கவே இல்லை. என்னென்ன சேர்ந்தது என்ற பட்டியல் அதில் இல்லை, பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்ற பெருமை மட்டும் இருந்தது. இலையில் உள்ள நிறம் முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். உடனே கறுப்பது தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனத்தின் வேலையாக இருக்கலாம், அது குழந்தைகளின் தோலில் கொப்புளமும் தழும்பும் உண்டாக்கக்கூடும். கீழக்கரை வீட்டுக் கொல்லையில் மருதாணிச் செடி இருக்கையில் அந்தச் சோதனை எதற்கு? பெருநாள் இரவு அம்மியில் அரைத்து விரல் நுனிகளில் தொப்பி வைத்துக்கொண்டோம். கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது தாளை மென்றது.

மகன் தூண்களை வரைந்த அட்டை எங்கள் உம்மம்மாவுக்காக (பாட்டிக்காக)ச் செய்தது. எண்பதைத் தாண்டியவர், தமிழைத் தமிழ் எழுத்தில் படிப்பதைவிட அரபுத்தமிழில், அதாவது தமிழின் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையில், வேகமாகப் படிப்பவர். அவருடைய பழைய கடிதங்கள் சிலவற்றைப் பார்த்து எழுத்துகளைப் பொறுக்கி, ‘பெருநாள் வாழ்த்து’ என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். மகன் அதைப் பார்த்து அட்டையில் மை ஊற்றிய பேனாவால் எழுதினான். பெருநாள் தொழுகை முடிந்து, வட்டலப்பம் சாப்பிட்டு, காசு கொடுக்க வரிசையாகப் பிள்ளைகள் நிற்கும் நேரத்தில் அவரிடம் அட்டையைக் கொடுத்தான். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, விரலை வைத்து வாய்விட்டுப் படித்தவர், ஓரிடத்தில் நிறுத்திப் பேனா கேட்டார். தமிழ் ஒலிக்கென்று இட வேண்டிய புள்ளி ஒன்றை மகன் விட்டிருந்தான், அல்லது நான் எழுதிக்கொடுத்ததிலேயே அது இல்லை. உம்மம்மா தானே அதை வைத்துவிட்டு, அட்டையை முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) வைக்கும் பலகைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்.

ஸ்டென்சிலில் புள்ளி அறுந்ததையும் பேட்டரி மூடியையும் பற்றி விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதியிருந்தேன். இரண்டே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. பேட்டரி பற்றித் தயாரிப்புப் பிரிவுக்குத் தெரிவிப்பதாகவும், புதிய தகடு அனுப்புவதாகவும் சொன்னார்கள். ரமலானை அடுத்த ஷவ்வால் மாதத்தில் பிறை பத்தைத் தாண்டிய பிறகு, கூடுதல் கட்டணம் ஏதுமின்றிப் புதிய தகடு வந்து சேர்ந்தது. அதே வார்ப்பு, அதே நூல் அகலம். இரண்டாவது ஒற்றலில் அறுந்தது. மகன் அதைத் தூக்கியெறிய விடவில்லை. பெட்டியில் மிஞ்சியிருந்த தங்கநிற ஒட்டுநாடாவில் ஒரு மில்லிமீட்டர் கீற்றை வெட்டி, ஓட்டையின் நடுவே குறுக்காக ஒட்டி, இரண்டு புள்ளிகளாக்கிவிட்டான். ஜூன் 7 அன்று வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பன்னிரண்டு அட்டைகளை அதில்தான் ஒற்றினோம். பதினோராவது அட்டை வரை நாடா தாங்கியது.